மனச்சான்றும் மரபும்: இரேனியஸ் ஐயர் வாழ்வில் 1835ஆம் ஆண்டுப் பிரிவு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் உரைநடை, இலக்கணம், விவிலிய மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் பங்களித்தவர் சார்லஸ் தியோபிலஸ் எவால்டு இரேனியஸ். இருபத்தோர் ஆண்டுகள் தாம் பணியாற்றிய சங்கத்தை விட்டு 1835இல் அவர் பிரிந்தார். தமிழாய்வுகள் அவருடைய மொழிப்பணியையும், திருச்சபை வரலாறுகள் அவருடைய பிரிவையும் தனித்தனியே பேசுகின்றன. இவ்விரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து எழுந்தவை என்பதையும், அந்நம்பிக்கை தமிழ்க் கிறித்தவர்களின் மரபோடு மோதிய இடத்தையும் இக்கட்டுரை அவர்தம் வாழ்க்கையின் வழியே விளக்குகிறது.

கருச்சொற்கள்: இரேனியஸ், பாளையங்கோட்டை, குருப்பட்டம், விவிலிய மொழிபெயர்ப்பு, வேதநாயக சாஸ்திரியார்.

முன்னுரை

ஒரு சமய அமைப்பை விட்டு விலகுவோரை அவ்வமைப்பு பிளவுக்காரர் என்று குறிக்கும். விலகியோரைச் சார்ந்தவர்கள் மெய்ச்சான்றாளர் என்று போற்றுவர். இரேனியஸ் குறித்த பதிவுகளிலும் இவ்விரு நோக்குகளையும் காணலாம். அவருடைய பணியின் பயன் திருநெல்வேலிச் சீமையில் நிலைத்தது; அவர் உருவாக்கிய தனிச்சபையோ அவருடைய மறைவோடு கலைந்தது. இம்முரணைப் புரிந்துகொள்ள, அவர் எதன் பொருட்டு விலகினார் என்பதோடு, விலகியபின் யாருக்காகத் திரும்பி வந்தார் என்பதையும் காண வேண்டியுள்ளது.

பிரஷ்யாவிலிருந்து பாளையங்கோட்டைக்கு

இரேனியஸ் 1790 நவம்பர் 5ஆம் நாள் மேற்குப் பிரஷ்யாவிலுள்ள கிராடென்சில் பிறந்தார். தந்தை படை அலுவலர். அவரை இரேனியஸ் இளமையிலேயே இழந்தார். பெர்லினில் யேனிக்கே நடத்திய அருட்பணிப் பள்ளியில் பயின்று, லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சார்ந்த சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1814இல் சென்னை வந்து சேர்ந்தார். அச்சங்கம் இந்தியாவுக்கு அனுப்பிய முதல் அருட்பணியாளர்களுள் அவரும் ஒருவர்.

லுத்தரன் குரு ஒருவர் ஆங்கிலிக்கச் சங்கத்தின் ஊதியத்தில் பணியாற்றுவது அக்காலத்தில் வியப்புக்குரியதன்று. சுவார்ட்சு முதலிய செர்மானியர்கள் அவ்வாறே பணியாற்றி வந்தனர். இந்தியாவில் ஆங்கிலிக்கப் பேராயர் இல்லாத நாளில் அவர்களுடைய குருப்பட்டம் குறித்து யாரும் வினவவில்லை. இரேனியஸ் இந்தியாவுக்கு வந்த 1814ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் பேராயர் பீடம் நிறுவப்பட்டமை கருதத்தக்கது. அவர் வாழ்வின் பிற்பகுதியை அலைக்கழித்த சிக்கலுக்கு அன்றே வித்திடப்பட்டது.

சென்னையில் தமிழ் கற்று விவிலியத் திருத்தப் பணியில் ஈடுபட்ட அவர், 1820இல் பாளையங்கோட்டைக்கு மாறினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் சபைகள் தோன்றின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவற்றைச் சார்ந்தனர். பாளையங்கோட்டைத் தூய திரித்துவ ஆலயம் 1826இல் திறக்கப்பட்டது. பிரஷ்யப் பிரபு டோனாவின் கொடையால் 1827இல் உருவான குடியிருப்பு டோனாவூர் எனப் பெயர் பெற்றது. சமயம் மாறியதால் நிலக்கிழார்களின் ஒடுக்குதலுக்கு ஆளானோர்க்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தும் நோக்குடன் 1830இல் தரும சங்கம் தொடங்கப்பட்டது. ஊர்தோறும் உபதேசியார்களையும் பள்ளிகளையும் அமைத்து, தமிழரே தமிழர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை அவர் வளர்த்தார். பின்னர் எழுந்த பூசலின் மையமாக இவ்வுபதேசியார்களே அமைந்தனர்.

மொழிப்பணியில் வெளிப்படும் கொள்கை

திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் பதினான்கு ஆண்டுகள் தமிழ் பயின்றவர் இரேனியஸ் என்பர். நூல்வழக்கையும் பேச்சுவழக்கையும் ஒருங்கே அறிந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட பிழையற்ற எளிய உரைநடையை அவர் நாடினார். அவருடைய தமிழ் இலக்கண நூலும் பூமி சாஸ்திரமும் இந்நோக்கின் விளைவுகள். 1832இல் வெளிவந்த பூமி சாஸ்திரம் தமிழில் எழுந்த தொடக்ககால அறிவியல் உரைநடை நூல்களுள் ஒன்று.

விவிலிய மொழிபெயர்ப்பின் நெறிகள் குறித்து 1827இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூலத்தின் சொல்லமைப்பை அப்படியே தமிழில் ஏற்றுவதைக் காட்டிலும், கேட்போர்க்குப் பொருள் விளங்கத் தமிழின் இயல்புக்கேற்ப எழுதுவதே தலையாயது என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய புதிய ஏற்பாடு 1833இல் அச்சாயிற்று.

அம்மொழிபெயர்ப்பை எல்லோரும் வரவேற்கவில்லை. பெப்ரிசியஸ் மொழிபெயர்ப்பு இரு தலைமுறைகளாகத் தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவர்களின் வழிபாட்டிலும் பாடலிலும் ஊறிப்போயிருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் புதிய மொழிபெயர்ப்பைக் கடுமையாக எதிர்த்தார். சாதி வேறுபாட்டை ஒழிக்க வற்புறுத்துதல், விழாக்களையும் பூக்களையும் விலக்குதல், தமிழிசையை வழிபாட்டிலிருந்து நீக்குதல் ஆகியவற்றோடு வேதத்தின் சொற்களை மாற்றுவதையும் புதிய அருட்பணியாளர்கள் இழைத்த கொடுமையாக அவர் எண்ணினார். தலைமுறைகளாக வழங்கிய சொல்லை மாற்றும் உரிமை எவருக்கு உண்டு என்பதே அவ்வெதிர்ப்பின் அடிப்படை. பழக்கத்தால் வந்த புனிதத்தைவிடப் பொருள் விளக்கமே பெரிது என்று இரேனியஸ் கருதினார். பாளையங்கோட்டைப் பள்ளியில் மாணவர் அனைவரும் ஒருங்கே உண்ண வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதிலும் இதே மனப்பாங்கைக் காணலாம்.

குருப்பட்டச் சிக்கலும் விலகலும்

சபைகள் பெருகியதும், உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் அளிக்கும் தேவை எழுந்தது. தாம் பெற்ற லுத்தரன் முறைப்படி, குருக்களே அவர்களுக்குப் பட்டம் அளிக்கலாம் என்று இரேனியஸ் கருதினார். பேராயர் கையாலன்றி, ஆங்கிலிக்க முறைப்படியன்றிப் பட்டம் அளித்தல் ஆகாது என்று சங்கம் வலியுறுத்தியது. அதனை ஏற்றால் தம் உபதேசியார்கள் தாம் உடன்படாத வழிபாட்டு விதிகளுக்கு உறுதிமொழி அளிக்க நேரும் என்பது அவருக்கிருந்த தடை. தம்முடைய குருப்பட்டமே குறையுடையது என்று ஒப்புக்கொள்வதாகவும் அது முடியும்.

இந்நிலையில், ஆங்கிலிக்கத் திருச்சபையின் அமைப்பைப் போற்றி ஹார்ப்பர் என்பார் எழுதிய நூலுக்கு 1834இல் இரேனியஸ் ஒரு மதிப்புரை எழுதி வெளியிட்டார். அத்திருச்சபையின் ஆட்சிமுறையையும் வழிபாட்டு நூலையும் விவிலியத்தின் அளவுகோலால் அதில் அவர் திறனாய்ந்தார். தம் திருச்சபையையே மறுத்து எழுதும் ஊழியரைத் தாங்க இயலாது என்று சங்கம் முடிவு செய்து, 1835இல் அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டது. சங்கத்தின் நோக்கில் இது முறையற்றதன்று. ஊழியர் ஒருவர் அமைப்பின் அடிப்படையையே மறுக்கும்போது, அமைப்பு தன்னைக் காத்துக்கொள்ள முனைவது இயல்பு. இங்கிலாந்தில் 1833 முதல் ஆக்ஸ்போர்டு இயக்கம் பேராயர் மரபுரிமையை மேலும் உயர்த்திப் பேசிய காலம் அது.

மறுபுறம், பட்டமும் பேராயரும் இன்றி விவிலியம் ஒன்றையே வழிகாட்டியாகக் கொண்ட அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் இரேனியஸுக்குத் துணைநின்றார். இரேனியஸின் மாணவர் அருளப்பன் பின்னாளில் குரோவ்ஸின் வழியைப் பின்பற்றி, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் எல்லையருகே கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கினார்.

திரும்பி வருதல்

தொடர்பு முறிந்ததும் இரேனியஸ் தம் செர்மானிய உடனூழியர்களோடு ஆர்க்காட்டுக்குச் சென்றார். தாம் நட்ட சபைகளைப் பூசலுக்கு உள்ளாக்காமல் ஒதுங்குவதே அவருடைய முதல் முடிவு. ஆனால் உபதேசியார் பலர் தங்களைக் கைவிடலாகாது என்று வேண்டினர். அவ்வாண்டு முடிவதற்குள் அவர் திருநெல்வேலிக்குத் திரும்பித் தனிச்சபைப் பணியைத் தொடங்கினார். அதற்குள் சங்கம் பெட்டிட்டைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பியிருந்தது.

இதன் விளைவைச் சிற்றூர் மக்களே சுமந்தனர். சபைகள் இரு தரப்பாயின. கட்டடங்களும் நிலங்களும் எவருக்குரியவை என்னும் வழக்குகள் எழுந்தன. பேராயர் ஆட்சிமுறை பற்றிய ஐரோப்பிய விவாதம் அம்மக்களுக்குத் தொலைவானது. தங்கள் மொழியில் பேசி, தங்களுக்கு நிலம் தேடித் தந்த ஐயரோடு நிற்பதா, ஆலயமும் பள்ளியும் தந்த சங்கத்தோடு நிற்பதா என்பதே அவர்கள் முன் நின்ற வினா. இரேனியஸ் திரும்பாதிருந்தால் பூசல் சுருங்கியிருக்கும். ஆனால், அழைத்தவர்களைக் கைவிட்டார் என்னும் பழி அவரைச் சூழ்ந்திருக்கும்.

மூன்று ஆண்டுகள்கூட நிறைவுறாத நிலையில், 1838 ஜூன் 5ஆம் நாள், தம் நாற்பத்தேழாம் வயதில் அவர் பாளையங்கோட்டையில் மறைந்தார். அவருடைய கல்லறை அடைக்கலாபுரத்தில் உள்ளது. சாப்டர், முல்லர் ஆகிய உடனூழியர்கள் பின்னர்ச் சங்கத்தோடு மீண்டும் இணைந்தனர். லெக்லர் இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சேலத்தில் பணியாற்றினார். பிரிந்த சபைகளும் படிப்படியே ஒன்றாயின.

முடிவுரை

இரேனியஸின் இலக்கணம், மொழிபெயர்ப்பு, விலகல் ஆகிய மூன்றும் ஒரே நம்பிக்கையின் வெளிப்பாடுகள். மூலநூலின் பொருளே அதிகாரம் உடையது. அதனைத் தாங்கும் வடிவம் மாறத்தக்கது என்பதே அந்நம்பிக்கை. அதனால்தான் பெப்ரிசியஸின் சொல்லை மாற்றத் துணிந்த அவர், பேராயரின் கைவைப்பைக் கட்டாயம் என ஏற்க மறுத்தார்.

ஆனால் இந்நம்பிக்கை அவரை இரு வேறு நிலைகளில் நிறுத்தியது. தஞ்சைக் கிறித்தவர்கள் முன் மரபை மாற்றுமாறு வற்புறுத்தும் வல்லமை உடையவராகவும், சங்கத்தின் முன் மரபை ஏற்குமாறு வற்புறுத்தப்படும் எளியவராகவும் அவர் இருந்தார். தமக்கு வேண்டிய மனச்சான்றின் உரிமையைச் சாஸ்திரியாரின் மனச்சான்றுக்கும் அவர் வழங்கினாரா என்னும் வினா அவர் வாழ்க்கையை ஆராய்வோர்க்கு எஞ்சி நிற்கிறது. வழிபாட்டு மொழியில் பெப்ரிசியஸ் மரபு பின்னர் மீண்டும் இடம்பெற்றது. எளிய உரைநடைக்கு இரேனியஸ் வகுத்த நெறி பள்ளி நூல்களில் தொடர்ந்தது. இவ்விரு மரபுகளையும் எதிரெதிரே நிறுத்தாமல், இணைத்து ஆராய்வது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை வரலாற்றுக்குத் தேவையாகிறது.