கவர்னருக்குக் காதும் வாயுமாக இருந்தவர்
துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்க்கை

திருப்பூர் மண்ணரைப் பக்கம் போனால், காலை வேளையில் பனியன் கம்பெனிக்கு நடந்து போகும் கூட்டத்தைப் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தில் தமிழ் கேட்கும். இந்தி கேட்கும். ஒடியா கேட்கும். வங்காளியும் கேட்கும்.

கட்டிங் மாஸ்டர் தமிழில் அளவு சொல்கிறார். டெய்லர் பீகாரிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து மெஷினில் இருப்பவர் ஐந்து வருடமாக இங்கே இருக்கிறார். அவர் எழுந்து வந்து இரண்டு வார்த்தை சொல்கிறார். வேலை நடக்கிறது. அவர் சொல்லாவிட்டால்? துணி வீணாகும். கூலி பிடிக்கப்படும். சண்டை வரும்.

அந்த இரண்டு வார்த்தைக்குச் சம்பளம் கிடையாது. பெயரும் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இதே வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய பெயர் இருந்தது. துபாஷ் என்பது அந்தப் பெயர். இரண்டு பாஷை அறிந்தவர் என்று பொருள்.

துபாஷ்களில் பெரும்புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. அவர் பல்லக்கில் போனார். நவாபுகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். புலவர்கள் அவர்மேல் நூல் பாடினார்கள். அவர்தான் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை.

மாமனுக்கு நேர்ந்த கதி

ஆனந்தரங்கர் 1709-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி சென்னை பெரம்பூரில் பிறந்தார். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை ஒரு வியாபாரி.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக் கம்பெனியின் கையில் இருந்தது. அங்கே தலைமைத் துபாஷாக இருந்தவர் நயினியப்ப பிள்ளை. அவர் திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர். அவர் அழைப்பின் பேரில் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்தார்.

துபாஷ் என்றால் வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. பிரெஞ்சுக்காரருக்குத் தமிழ் தெரியாது. நெசவாளருக்கும் வியாபாரிக்கும் பிரெஞ்சு தெரியாது. நடுவில் துபாஷ் இருந்தார். துணிக்கு விலை பேசுவது அவர். முன்பணம் கொடுப்பது அவர் வழியாக. ஊர் வழக்கைக் கவர்னர் காதில் போடுவதும் அவர்தான்.

இத்தனை அதிகாரம் ஒருவர் கையில் சேர்ந்தால் பகைவர் சேராமல் இருப்பார்களா? 1716-ல் கவர்னர் எபேர் என்பவர் நயினியப்பரைச் சிறையில் அடைத்தார். கொடுங்கோன்மை செய்தார், கலகம் மூட்டினார் என்று குற்றச்சாட்டு.

வழக்கு விசாரணை நடந்தது. சாட்சிகள் பேசியது தமிழ். எழுதப்பட்டதோ பிரெஞ்சு. தாங்கள் சொன்னது வேறு, எழுதியிருந்தது வேறு என்று சாட்சிகளே பிற்பாடு முறையிட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊருக்கே மொழிபெயர்த்த மனிதருக்குத் தம் வழக்கில் ஒரு நேர்மையான மொழிபெயர்ப்பு கிடைக்கவில்லை.

சாட்டையடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பாயிற்று. 1717-ல் நயினியப்பர் சிறையிலேயே இறந்தார். சிறுவன் ஆனந்தரங்கனுக்கு அப்போது எட்டு வயது.

நயினியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை விடவில்லை. கப்பலேறிப் பிரான்சு தேசத்துக்கே போய்க் குடும்பத்துக்காக முறையிட்டார். நயினியப்பர் மீதான தீர்ப்பு ரத்தாயிற்று. மானம் திரும்பியது. போன உயிர் திரும்பவில்லை.

துணிக் கிடங்கில் தொடங்கிய வாழ்வு

மாமன் இறந்ததும் திருவேங்கடம் பிள்ளை சென்னைக்குப் போய்விட்டார். கவர்னர் மாறிய பிறகு மறுபடி புதுச்சேரிக்கு அழைக்கப்பட்டார். 1726-ல் அவர் காலமானார். ஆனந்தரங்கருக்கு வயது பதினேழு.

கவர்னர் லெனுவார் அந்த இளைஞரிடம் திறமையைக் கண்டார். பரங்கிப்பேட்டையில் இருந்த கம்பெனியின் துணித் தொழிலைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் ஆனந்தரங்கர் வியாபாரத்தைப் பரப்பினார்.

இன்று திருப்பூரில் ஆர்டர் எடுக்கிறவர்கள் படும் பாடெல்லாம் அன்றும் இருந்தது. ஐரோப்பாவுக்கு எந்தத் துணி வேண்டும்? என்ன நீளம், என்ன நிறம்? கப்பல் புறப்படுவதற்குள் சரக்கு வருமா? தரம் குறைந்தால் யார் தலையில் விழும்? வெள்ளைக்காரன் கேட்டதை நெசவாளருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். நெசவாளர் கஷ்டத்தை வெள்ளைக்காரன் ஏற்கும்படி சொல்ல வேண்டும். மொழி மட்டும் தெரிந்தால் போதாது. தொழிலும் தெரிய வேண்டும். ஆனந்தரங்கருக்கு இரண்டும் வந்தன.

தமிழோடு தெலுங்கும் அறிந்தவர் அவர். பிரெஞ்சும் போர்த்துகீசும் பேசினார். பாரசீகக் கடிதங்களைப் படித்துச் சொல்ல மதனானந்த பண்டிதர் என்பவர் இருந்தார். ஆக ஒரு நவாபின் கடிதம் கவர்னர் காதுக்குப் போவதற்குள் இரண்டு பேர் நாக்கைத் தாண்டியாக வேண்டும். ஒருவர் தவறினாலும் போர் மூளலாம்.

டூப்ளேயின் துணைவர்

1742-ல் டூப்ளே புதுச்சேரி கவர்னரானார். இந்தியாவில் பிரெஞ்சுக் கொடியை நிலைநாட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். நாட்டு ராஜாக்களோடும் நவாபுகளோடும் பேசாமல் அது நடக்காது. பேசுவதற்கு ஆள் வேண்டும்.

அப்போது தலைமைத் துபாஷாக இருந்தவர் கனகராய முதலியார். 1746-ல் அவர் இறந்தார். அந்தப் பதவிக்கு அவர் தம்பியும் முயன்றார். கிறிஸ்தவருக்கே அது கிடைக்க வேண்டும் என்று பாதிரிமார் விரும்பினார்கள். ஆனந்தரங்கரோ இந்து. ஆனாலும் வேலையை நடத்தியது அவர்தான். 1747-ல் பதவியும் வந்து சேர்ந்தது.

அவருக்கு ஒரு பெரிய எதிர்ப்பு கவர்னர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. டூப்ளேயின் மனைவி புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் அறிந்தவர். துபாஷ் இல்லாமலே ஊராரோடு பேசக்கூடியவர். துபாஷ் என்ன சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கண்டுபிடிக்கவும் கூடியவர். அந்த அம்மையாருக்கும் பிள்ளைக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1748-ல் ஆங்கிலேயர் திரும்பி வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுப் போனார்கள். 1749-ல் ஐதராபாத் சுபேதாராக உரிமை கொண்டாடிய முசபர் ஜங், பிள்ளைக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற விருதும் செங்கற்பட்டு ஜாகீரும் அளித்தார். வாத்தியம் முழங்கப் பல்லக்கில் கவர்னர் மாளிகைக்குப் போகும் உரிமை பிள்ளைக்கு இருந்தது. அவருக்குச் சொந்தக் கப்பலும் இருந்தது. ஆனந்தப்புரவி என்று அதற்குப் பெயர்.

தடுக்க முடியாத ஒன்று

இவ்வளவு செல்வாக்கு இருந்தும் அவர் கை கட்டப்பட்டிருந்த வேளைகள் உண்டு. 1748 முற்றுகையின்போது புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கக் கவர்னர் உத்தரவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் ஓடி வந்தார்கள். அவரால் தடுக்க முடியவில்லை. கோயில் இடிந்தது.

அவர் சொன்னால் கவர்னர் கேட்பார் என்று ஊரார் நினைத்தார்கள். அவர் சொன்னால் ஊரார் அடங்குவார்கள் என்று கவர்னர் நினைத்தார். இரண்டு பக்கமும் அவரை நம்பின. இரண்டு பக்கத்தின் கோபமும் அவர் மேலேயே விழுந்தது. நடுவில் நிற்பவனுக்கு உள்ள சங்கடம் இது.

பிள்ளை குறையே இல்லாதவர் அல்லர். பணத்தில் கண்ணாக இருந்தார். தற்பெருமை உண்டு. சாதிப் பெருமையும் உண்டு. கவர்னரை மகிழ்விக்க முகஸ்துதியும் செய்தார். இதெல்லாம் எப்படித் தெரியும்? அவரே எழுதி வைத்திருக்கிறார்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு காலம்

1736-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி முதல் பிள்ளை தினசரிக் குறிப்பு எழுதத் தொடங்கினார். யார் வந்தார், யார் என்ன சொன்னார், எந்தக் கப்பல் எப்போது நங்கூரம் பாய்ச்சியது, துணி என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம் என்று எல்லாவற்றையும் எழுதினார். பேசுகிற தமிழிலேயே எழுதினார். சுமார் இருபத்தைந்து ஆண்டுகள் அந்தக் குறிப்பு தொடர்ந்தது.

மாமனைக் கொன்றது அவர் படிக்க முடியாத மொழியில் எழுதிய காகிதம். மருமகனோ தாம் கண்டதையும் கேட்டதையும் தம் சொந்த மொழியில் எழுதி வைத்தார்.

கோட்டையோடு முடிந்த வாழ்வு

1754-ல் டூப்ளேயைப் பிரான்சுக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். பிள்ளையின் நல்ல காலமும் அவரோடு கப்பலேறியது. 1756-ல் பதவி போயிற்று. உடம்பும் நலிந்தது.

ஆங்கிலேயர் மறுபடி புதுச்சேரியைச் சூழ்ந்தனர். ஊருக்குள் பஞ்சம். அந்த நிலையில் 1761-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. நகரை அவர்கள் இடித்துத் தள்ளினார்கள்.

பிள்ளை எழுதிய ஏடுகள் தப்பின. 1846-ல் கலுவா மொம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் அவற்றை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. 1948 முதல் புதுச்சேரியில் தமிழிலும் தொகுதிகள் வெளிவந்தன. அந்தக் காலத்து வரலாறு எழுத வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் குறிப்பைத்தான் புரட்டுகிறார்கள். எழுத்தாளர் பிரபஞ்சன் அந்தக் காலத்தை வைத்து நாவல்கள் எழுதினார். அவற்றில் ‘வானம் வசப்படும்’ 1995-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. புதுச்சேரியில் பிள்ளையின் வீடும் ரங்கப்பிள்ளை தெருவும் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன.

மண்ணரையின் துபாஷ்கள்

பிள்ளைக்குப் பல்லக்கு கிடைத்தது. மண்ணரையில் பக்கத்து மெஷின்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்பவருக்கு ஒரு டீ கிடைத்தால் அதிகம். ஆனால் வேலை ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிறார். வடநாட்டுத் தாய் விழிக்கிறாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவள் பெண் இடையில் நின்று பதில் சொல்கிறது. எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை இரவில் என்பது அந்தக் குழந்தையின் வாயில் இருக்கிறது. அது பெரிய பாரம். பெரியவர்கள் சுமக்க வேண்டிய பாரம்.

கம்பெனியில் புதிய ஆளிடம் கையெழுத்து வாங்கும்போது, அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவர் மொழியில் ஒருவர் படித்துச் சொன்னால் போதும். ஐந்து நிமிட வேலைதான். நயினியப்ப பிள்ளையின் வழக்கில் அந்த ஐந்து நிமிடம் செலவாகவில்லை. அதனால் ஒரு மனிதர் சிறையில் மாண்டார்.

மொழி தெரிந்தவர் நம் தெருவிலேயே இருப்பார். அவரைக் கூப்பிட வேண்டும். அவர் சொல்வதைக் கவனித்துக் கேட்க வேண்டும். அவர் வேலைக்கு உரிய கூலியையும் மரியாதையையும் கொடுக்க வேண்டும். நெசவும் சாயமும் அறிந்த ஊருக்கு இது புதிதல்ல. பாவும் ஊடும் சேர்ந்தால்தானே துணி!