கல்லில் கடலைக் கண்டவர்

தாமிரவருணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 அன்று எளிய குடும்பமொன்றில் பிறந்தார் நீலகண்ட சாஸ்திரி. நெல்லை இந்துக் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, முதுகலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். நெல்லை, காசி, சிதம்பரம் ஆகிய ஊர்களில் ஆசிரியப் பணியாற்றினார். 1929இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு, தொல்லியல் துறையின் பேராசிரியராகி, 1946 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவருடைய பெரும்பணி நிகழ்ந்தது அந்தப் பதினேழு ஆண்டுகளில்தான்.

பாண்டியர் வரலாற்றை அவர் முதலில் நூலாக்கினார். அது வெளிவந்த ஆண்டும் 1929 ஆகும். பாண்டிய நாட்டின் வரலாறு மதுரையிலும் கொற்கையிலும் மட்டும் அடங்குவதன்று. உள்நாட்டுக் குன்றுகளிலும் கோயில்களிலும் அது சிதறிக் கிடக்கிறது. சிவகாசியை அடுத்த திருத்தங்கல் அத்தகைய ஊர்களில் ஒன்று. சோழ நாட்டுப் பராசரன் சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்புகையில் திருத்தங்கலில் தங்கினான் என்று சிலப்பதிகாரம் கூறும். அவன் அளித்த அணிகலன்களால் வார்த்திகன் சிறைப்பட்டதும், பிழை உணர்ந்த பாண்டியன் அவனை விடுவித்து அவ்வூரையே கொடையாக அளித்ததும் அக்கதையின் தொடர்ச்சி. இக்கதை முழுவதையும் வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் மேலைக் கடற்கரை நாட்டையும் கீழைக் கடற்கரை நாட்டையும் இணைத்த வழியொன்று இவ்வூரைத் தொட்டுச் சென்றதாகக் காப்பியப் புலவர் கருதினார் என்பது தெளிவு. கடல் வாணிகத்தின் வேர்கள் கடல் தெரியாத ஊர்களிலும் இருந்தன.

அடுத்து அவர் எழுதிய சோழர் வரலாறு 1935, 1937ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. அதில்தான் கடல் ஒரு பெருஞ்சிக்கலாக அவர்முன் நின்றது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த கடற்படையெடுப்பில் அவன் வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது: சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் எனப் பதின்மூன்று பெயர்கள். இவை எங்கே உள்ளன? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. முந்தைய அறிஞருள் சிலர் கடாரத்தைப் பர்மாவில் தேடினர். பிரெஞ்சு அறிஞர் ழார்ச் செதேசு 1918இல் சீவிசயம் சுமத்ராவை மையமாகக் கொண்ட அரசு என நிறுவிய பின்னரே வழி திறந்தது. சீனக் குறிப்புகளையும் அரபுப் பயணிகளின் செய்திகளையும் மலாய் நாட்டுப் பெயர்களையும் ஒப்புநோக்கி, மாநக்கவாரம் நிக்கோபார் என்றும், இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனை என்றும், கடாரம் மலேசியாவின் கெடா என்றும் கண்ட முடிவுகளைச் சாஸ்திரி தமிழகச் சான்றுகளோடு பொருத்தினார்.

இடம் அறிந்தால் போதுமா? தளத்தில் ஒரு புள்ளியைக் குறிக்க இரண்டு எண்கள் வேண்டும். வெளியில் குறிக்க மூன்றாவது எண்ணும் வேண்டும். நிலப்படம் தருவது இரண்டைத்தான். காலத்தை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தும்போது கடலின் வரலாறு வேறு வடிவம் கொள்கிறது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் அதைக் காக்கும் மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகிறது. அப்பெயர் பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர் என்பதால் கல்வெட்டின் காலம் 9ஆம் நூற்றாண்டாகிறது. சுமத்ராவின் பாருசு அருகே கிடைத்த ஐந்நூற்றுவர் கல்வெட்டின் காலம் சக ஆண்டு 1010, அதாவது பொது ஆண்டு 1088. இவ்விரண்டையும் பற்றிச் சாஸ்திரி எழுதினார்; சுமத்ராக் கல்வெட்டைப் பற்றிய அவர் கட்டுரை 1932இல் பத்தாவியா ஆய்விதழில் வெளிவந்தது. தட்டையான படத்தில் வணிகரும் படையினரும் ஒரே இடத்தில் நிற்பவர்போல் தோன்றுவர். காலத்தின் அச்சில் உயர்த்திப் பார்த்தாலோ, படை செல்வதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வணிகர் அங்கு இருந்தனர். படை திரும்பி அறுபது ஆண்டுகள் கழிந்தும் இருந்தனர்.

அவ்வாறாயின் படையெடுப்பு எதற்கு? சீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடையளித்ததை லெய்டன் செப்பேடு காட்டுகிறது. இருபது ஆண்டுகளுக்குள் அந்த நட்பு போராக மாறியது. சோழரின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சீனம் சென்றன. அந்த வழியில் சீவிசயம் தடை செய்திருக்கலாம். அல்லது இராசேந்திரன் தன் வெற்றிப் புகழைக் கடலுக்கு அப்பாலும் நீட்ட விரும்பியிருக்கலாம் என இரு காரணங்களையும் சாஸ்திரி முன்வைத்தார். ஆயினும் அந்நாடுகளைச் சோழர் நிலையாக ஆண்டனர் என்று எழுத அவர் உடன்படவில்லை. மெய்க்கீர்த்தி வென்றவனின் குரல். ஆட்சி நடந்ததற்கு வேறு சான்று வேண்டும். கீழை நாடுகளை இந்தியக் குடியேற்றங்களாகவே கருதும் போக்கு வலுத்திருந்த காலம் அது. தென்னிந்தியச் செல்வாக்கை விரித்து எழுதிய அவரும் அப்போக்கிலிருந்து முற்றிலும் விலகியவர் அல்லர். எனினும் இவ்விடத்தில் அவர் காட்டிய கட்டுப்பாடு மதிக்கத்தக்கது.

அவருடைய முடிவுகள் மறுக்கப்பட்டதும் உண்டு. சோழ அரசை மையப்படுத்தப்பட்ட பேரரசாக அவர் வரைந்த சித்திரத்தை, 1980இல் பர்ட்டன் சுடெயின் கடுமையாக எதிர்த்தார். நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுச் சொற்களை எண்ணிக் கணக்கிட்டு ஆராயும் முறையை வளர்த்தனர். பாருசுக் கல்வெட்டைச் சுப்பராயலு மீண்டும் படித்து, கப்பலுக்கு உரியோர் பொன்னாகச் செலுத்த வேண்டிய தொகையை அது குறிப்பிடுவதை விளக்கினார்.

1955இல் தென்னிந்திய வரலாற்றை ஒரே நூலில் சுருக்கித் தந்த சாஸ்திரி, 1957இல் பத்மபூசண் விருது பெற்றார். தென்கிழக்காசிய மரபுப் பண்பாடுகளுக்காகச் சென்னையில் இயங்கிய நிறுவனத்தை முதுமையிலும் வழிநடத்தினார். 1975ஆம் ஆண்டு சூன் 15 அன்று மறைந்தார். மெய்க்கீர்த்தி சொல்லும் பதின்மூன்று ஊர்களுள் வளைப்பந்தூறு எங்கிருந்தது என்பது இன்றளவும் உறுதிப்படவில்லை.