ஏழு பேரோடு தொடங்கியவர்



இந்த மாதம் நம்ம சுவர் இதழில் வாழ்க்கை வரலாறு எழுத என்னுடைய முறை. பாரதியார், கட்டபொம்மன், கல்பனா சாவ்லா எல்லாரும் ஏற்கெனவே இந்தச் சுவரில் வந்துட்டாங்க. அதனால் நம்மில் பல பேர் கேள்விப்படாத, ஆனால் வெளிநாட்டில் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த ஒருவரை எடுத்துக்கிட்டேன். அமெரிக்காவில் பெண்களுக்கான சாரண இயக்கத்தைத் தொடங்கிய ஜூலியட் கார்டன் லோ. நம்ம பள்ளியில் இந்த வருஷம் சாரணியர் குழு புதுசா ஆரம்பிக்கப் போறாங்க இல்லையா? இந்தச் சமயத்தில் எழுதினால்தான் பொருத்தமா இருக்கும்.

அமெரிக்காக்காரி நமக்கு என்ன உறவு என்று கேட்பீங்க. பருத்தி உறவுதான்! ஜார்ஜியா மாநிலத்தில் சவானா என்று ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு பருத்தி வியாபாரியின் மகளாக 1860 அக்டோபர் 31-ல் ஜூலியட் பிறந்தார். வீட்டில் செல்லமாகக் கூப்பிட்ட பெயர் டெய்சி. அடுத்த வருஷமே, 1861-ல், அங்கே உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. வடக்குப் படை தெற்குத் துறைமுகங்களை எல்லாம் கப்பல் வைத்து மறித்தது. சவானாவில் பருத்தி தேங்கியது. இங்கிலாந்து மில்களில் பஞ்சு இல்லை. உடனே வெள்ளைக்கார வியாபாரிகள் இந்தியாவைப் பார்த்துத் திரும்பினார்கள். நம்ம கரிசல் காட்டுப் பருத்தி தூத்துக்குடியில் கப்பல் ஏறியது, விலையும் கிடுகிடு என்று ஏறியது. 1865-ல் போர் முடிந்ததும் விலை விழுந்துவிட்டது, அது வேற கதை. டெய்சி தொட்டிலில் கிடந்த காலத்தில் அவங்க அப்பா விற்க முடியாத சரக்குக்குப் பதிலாகத்தான் நம்ம ஊர்ச் சரக்கு போயிருக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பருத்தி எடுத்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள் இல்லை. அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள். டெய்சியின் குடும்பமும் அடிமைகளை வைத்திருந்த குடும்பம்தான். பெரியவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது நம்ம வழக்கம். எனக்கு அது பிடிக்கலை.

அப்பா தெற்குப் படையில், அம்மாவின் சொந்தக்காரர்கள் வடக்குப் படையில். 1864 டிசம்பரில் வடக்குப் படை சவானாவுக்குள் வந்தபோது டெய்சிக்கு 4 வயது. இப்படி ரெண்டு பக்கமும் சண்டை போடுற குடும்பத்தில் வளர்ந்தாலும் குறும்புக்காரப் பிள்ளை. படம் வரைவார், நாடகம் போடுவார். சின்ன வயதிலேயே தோழிகளைச் சேர்த்து உதவும் கைகள் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். ஏழைப் பிள்ளைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறதுதான் வேலை. யாருக்கும் சரியாகத் தைக்கத் தெரியாததால் வீட்டில் அதை உதவாத கைகள் என்று கேலி செய்தார்களாம்!

அடுத்து நடந்தது பாவம். 1885-ல் காது வலிக்குச் செய்த ஒரு சிகிச்சை தப்பாகப் போய் ஒரு காது சரியாகக் கேட்காமல் போயிற்று. 1886 டிசம்பர் 21-ல் கல்யாணம். மணமக்கள் மேல் அரிசி தூவுவது அவங்க ஊரிலும் உண்டு, நம்ம அட்சதை மாதிரி. அந்த அரிசியில் ஒன்று நல்லா இருந்த காதுக்குள் போய் மாட்டிக்கிட்டது. எடுக்கப்போய்ச் செவிப்பறை கிழிந்து அந்தக் காதும் போச்சு. ஒரே ஒரு அரிசி! (இனிமேல் கல்யாண வீட்டில் அட்சதையை வீசி எறியாதீங்க, மெதுவாப் போடுங்க.)

கணவர் வில்லியம் லோ பெரிய பணக்காரர். இங்கிலாந்தில் பெரிய வீடு, விருந்து, குதிரை என்று வாழ்க்கை. டெய்சிக்கு அதில் ஓடவில்லை. கொல்லர் பட்டறை வேலையைக் கற்றுக்கொண்டு அந்த வீட்டுக்குத் தன் கையாலேயே இரும்புக் கதவு அடித்திருக்கிறார் என்றால் பாருங்கள். குழந்தை இல்லை. கணவர் மனம் மாறிவிட்டார். 1905-ல் அவர் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதி வேறொரு பெண்ணுக்கு எழுதியிருந்தது. டெய்சி விடாமல் வழக்காடித் தன் பங்கை வாங்கினார்.

காதும் கேட்காது, குடும்பமும் இல்லை. வயது ஐம்பதை நெருங்குது. நம்ம ஊர் என்றால் இனி என்ன, மூலையில் உட்கார வேண்டியதுதான் என்று சொல்லியிருப்பார்கள்.

1911-ல் லண்டனில் ஒரு விருந்தில் பேடன் பவலைச் சந்தித்தார். பையன்களுக்குச் சாரண இயக்கத்தை ஆரம்பித்தவர் அவர். 1909-ல் லண்டனில் நடந்த சாரணர் பேரணிக்கு யாரும் கூப்பிடாமலே பெண் பிள்ளைகளும் வந்து நின்றுவிட்டார்களாம். பிறகு 1910-ல் அவருடைய தங்கை ஆக்னஸ் பேடன் பவல் பொறுப்பேற்று, பெண்களுக்குக் கைட்ஸ் என்று தனியாக ஆரம்பித்தார்கள். நாம் சாரணியர் என்று சொல்வது இதைத்தான்.

அந்த வருஷக் கோடையில் டெய்சி ஸ்காட்லாந்து மலைப் பக்கம் க்ளென் லயன் என்ற பள்ளத்தாக்கில் தங்கியிருந்தார். அங்கேதான் தன் முதல் குழுவை ஆரம்பித்தார். எத்தனை பேர் தெரியுமா? ஏழே ஏழு பிள்ளைகள். சிலர் மைல் கணக்கில் நடந்து வந்தார்கள். எல்லாம் ஏழைக் குடும்பம். முடிச்சுப் போடுவது, வரைபடம் பார்ப்பது, முதலுதவி, சமையல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். தனக்குத் தெரிந்த ராணுவக்காரர்களைக் கூட்டி வந்து கொடி சமிக்ஞையும் அணிவகுப்பும் பழக்கினார்.

ஆனால் எனக்குப் பெரிசாகப் படுவது இது இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் விளைச்சல் போதாது. வளர்ந்த பிள்ளைகள் வீட்டை விட்டு நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைப் போகாதே என்று புத்தி சொன்னால் யார் கேட்பார்கள்? வயிறு இருக்கே! டெய்சி கோழி வளர்க்கவும் ஆட்டு உரோமத்தை நூலாக நூற்கவும் கற்றுக் கொடுத்தார். அந்த நூலை விற்க லண்டனில் இடமும் பார்த்துக் கொடுத்தார். ஊரிலேயே இருந்து நாலு காசு பார்க்க வழி வந்தது. அதனால்தான் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்காரர்களும் தொடர்ந்து அனுப்பியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க ஆச்சி ஞாபகம்தான் வந்தது. ஆச்சி பத்து வயசில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவங்க. இருட்டோட பஸ் வந்து ஊர் ஊராப் பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போகுமாம். கட்டை அடுக்கி அடுக்கி விரல் நுனி எல்லாம் தேய்ஞ்சு போச்சு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, பிறகு மெஷினும் வந்தது. இப்ப நாம எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருக்கோம். ஆனாலும் போன மாதம் சாரணியர் குழுவுக்குப் பெயர் கேட்டப்ப என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். பதினான்கு பேர் கொடுத்தாங்க. அடுத்த வாரம் ஐந்து பேர் வந்து பெயரை அடிக்கச் சொல்லிட்டாங்க. சனிக்கிழமை மக்காச்சோளக் காட்டுக்குப் போகணும் என்று ரெண்டு பேர். தம்பியைப் பார்த்துக்கணும் என்று ஒருத்தி. சீருடைக்குக் காசு இல்லை, முகாமுக்கு ராத்திரி தங்க விட மாட்டாங்க என்று மத்த ரெண்டு பேர். அவங்களுக்கு ஆர்வம் இல்லை என்று சிலர் பேசினது தப்பு. ஒருத்தி அழுதுக்கிட்டேதான் சொன்னாள்.

சரி, டெய்சிக்கு வருவோம். லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்காக இன்னும் ரெண்டு குழு ஆரம்பித்தார். ஆரம்பித்தால் போதுமா, நடத்த ஆள் வேண்டாமா? ரோஸ் கெர் என்ற தோழியிடம் கேட்டார். அவருக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை, முடியாது என்று தெளிவாகச் சொன்னார். டெய்சி காது கேட்காத மாதிரியே இருந்துகொண்டு, பிள்ளைகள் கூடும் நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, நீங்கள் வருவதாகவும் சொல்லிவிட்டேன் என்று கிளம்பிவிட்டார்! அந்த ரோஸ் கெர் பின்னாளில் சாரணியர் இயக்கத்தின் வரலாற்றையே புத்தகமாக எழுதினார். காது கேட்காததை இப்படியும் பயன்படுத்தலாம் போல.

1912-ன் தொடக்கத்தில் பேடன் பவல் போன அதே கப்பலில் டெய்சியும் கிளம்பினார். (அந்தக் கப்பலில்தான் பேடன் பவல் தன் வருங்கால மனைவி ஒலேவைச் சந்தித்தார். அவர்தான் பிறகு உலகத் தலைமைச் சாரணியர் ஆனார்.) சவானா போய்ச் சேர்ந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டார். 1912 மார்ச் 12-ல் 18 பிள்ளைகள், இரண்டு அணிகள். முதல் பெயராகத் தன் தம்பி மகளின் பெயரை எழுதினார். அந்தப் பிள்ளைகளில் பெரிய வீட்டுப் பெண்களும் உண்டு, அநாதை இல்லத்துப் பிள்ளைகளும் உண்டு, யூதப் பிள்ளைகளும் உண்டு. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் கறுப்பினப் பிள்ளைகள் இல்லை. அவர்களுக்கான குழு வேறு ஊரில் 1917-ல்தான் வந்தது. தெற்கு மாநிலங்களில் இன்னும் வெகு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நம்ம நாட்டிலும் இதே கதைதான். க்ளென் லயனில் ஏழு பேர் கூடிய அதே 1911-ல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் கைட்ஸ் குழு தொடங்கியது. ஆனால் முதல் சில வருஷம் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். இந்தியப் பையன்களையும் சாரணர்களாகச் சேர்க்க மறுத்ததால், அன்னிபெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தனியாகவே தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு 1950 நவம்பர் 7-ல் பாரத சாரணர் இயக்கம் ஒன்றுபட்டது. 1951 ஆகஸ்ட் 15-ல் சாரணியரும் அதில் சேர்ந்தார்கள். பட்டியலில் யார் பேர் இருக்கு என்பதைவிட யார் பேர் இல்லை என்று பார்க்கணும் என்று எனக்குத் தோன்றியது இதைப் படித்துத்தான்.

சவானாவில் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடினார்கள். தொளதொள கால்சட்டை போட்டுக்கொண்டு பெண் பிள்ளைகள் ஓடுவதை ஊர் பார்த்தால் என்ன ஆவது! அதற்காக மைதானத்தைச் சுற்றிப் படுதா கட்டினார்கள். நம்ம ஹாக்கி அக்காமார் படுதா இல்லாமல் ஆடுவதை டெய்சி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். வீட்டுக்குப் பின்னால் இருந்த குதிரை வண்டிக் கொட்டகைதான் அலுவலகம்.

1913-ல் பெயரை கேர்ள் ஸ்கவுட்ஸ் என்று மாற்றினார்கள். ஊர் ஊராகக் குழுக்கள் வந்தன. செலவும் கூடியது. எல்லாம் அவர் கைக்காசு. ஒரு கட்டத்தில் தன்னுடைய முத்து மாலையை 8,000 டாலருக்கு விற்றார். பெரும்பாலான புத்தகங்கள் இந்த முத்து மாலையைத்தான் தியாகமாக எழுதுகின்றன. மாலை இருந்தது, விற்றார். எனக்கு அதைவிட அந்த ஆட்டு உரோம நூல்தான் பெரிசு.

பணம் சேர்க்க அவர் செய்த கூத்துகள் நிறைய. பணக்காரர் விருந்துக்குப் போகும்போது தொப்பியில் பூவுக்குப் பதிலாகக் காரட்டும் கீரையும் செருகிக்கொண்டு போவார். தொப்பிக்குப் பூ வாங்கக்கூடக் காசில்லை போல என்று எல்லாரும் நினைக்கட்டும் என்றுதான்! சாரணியருக்கான புதுக் காலணியைக் காட்ட, கூட்டத்தின் நடுவில் தலைகீழாக நின்றாராம், அதுவும் அந்த வயதில். நம்ம பெரிய டீச்சர் அப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், எழுதவில்லை.

1923-ல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. பெரும்பாலும் யாரிடமும் சொல்லாமல் வேலையைப் பார்த்தார். உலகச் சாரணியர் மாநாட்டை அமெரிக்காவில் நடத்திவிட வேண்டும் என்று விடாப்பிடியாக நின்று, 1926-ல் நியூயார்க் மாநிலத்தில் நடத்தியும் காட்டினார். பிப்ரவரி 22-ஐ சிந்தனை நாளாகக் கொண்டாடுவது என்று முடிவானது அந்த மாநாட்டில்தான். 1927 ஜனவரி 17-ல் சவானாவில் காலமானார். சாரணியர் சீருடையிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். 2025-ல் அமெரிக்காவின் 25 செண்ட் நாணயத்தில் அவர் உருவம் வந்தது.

நம்ம பட்டியலில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறோம். ஓர் அணிக்கு 6 முதல் 8 பேர். ரெண்டு அணிக்கு இன்னும் மூணு பேராவது வேணும். பெயரை எடுத்த ஐந்து பேருக்காக நாங்கள் சாரணியர் டீச்சரிடம் மூன்று விஷயம் கேட்டிருக்கிறோம். சனிக்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கூடலாமா, பழைய மாணவிகளிடம் சீருடை கேட்டு வாங்கலாமா, முகாமுக்கு முன்னால் டீச்சரே வீட்டுக்கு வந்து அம்மாமாரிடம் பேசுவாங்களா என்று. முதல் இரண்டுக்கும் சரி என்று சொல்லிட்டாங்க. மூணாவதுக்கு எந்தெந்தத் தெரு என்று கேட்டு எழுதிக்கிட்டாங்க. பட்டியல் நூலக அறை மேசையில் இருக்கு, அடித்த பெயர்களுக்குப் பக்கத்தில் இடமும் விட்டிருக்கு.