கையில் கட்டும் மருத்துவமனை டேக்... பின்னால் ஒரு கைதியின் கதை! யார் இந்த லியோன் தெரமின்?

பெரிய மருத்துவமனை ஒன்று. நினைவு மங்கிய முதியவர் ஒருவர் படுக்கையிலிருந்து மெல்ல எழுந்து நடக்கத் தொடங்குகிறார். வராண்டா, லிஃப்ட், கீழே வெளிநோயாளிகள் கூட்டம்... பத்து நிமிடத்தில் அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. வார்டில் இருக்கும் நர்ஸ், மற்ற நோயாளிகளைப் பார்ப்பாரா, இவரைத் தேடுவாரா?

இந்தத் தேடலைக் குறைக்கத்தான் பல நாடுகளில் நோயாளியின் கையில் வாட்ச் மாதிரி ஒரு எலெக்ட்ரானிக் டேக் கட்டுகிறார்கள். அதை அணிந்தவர் வார்டு வாசலைத் தாண்டினால், நர்ஸ் மேசையில் அலாரம் அடிக்கும். பிறந்த குழந்தைகளின் காலில்கூட இதைக் கட்டுவதுண்டு. யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறப் பார்த்தால், கதவருகிலேயே எச்சரிக்கை வந்துவிடும்.

இந்த டேக்குகளில் ஒரு வகைக்குப் பேட்டரியே கிடையாது. உங்கள் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் அதே வகைதான். யாரும் கூப்பிடாதவரை அது சும்மா இருக்கும். டோல்கேட்டிலிருந்து ரேடியோ அலை வந்து பட்டதும், அந்த அலையிலிருந்தே தேவையான சக்தியை எடுத்துக்கொண்டு, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி அமைதியாகிவிடும்.

வெளியிலிருந்து வரும் அலையால் மட்டுமே உயிர்பெறும் கருவி. இந்த யோசனையில் உருவான மிகப் பிரபலமான ஆரம்பகாலக் கருவியைச் செய்தவர், சோவியத் ஒன்றியத்தில் கைதியாக இருந்த ஒரு விஞ்ஞானி. அது யாரையும் காப்பாற்றச் செய்யப்பட்டதல்ல, ஒட்டுக் கேட்கச் செய்யப்பட்டது. அவர் பெயர் லியோன் தெரமின்.

தொடாமலே வாசிக்கும் இசைக்கருவி

1896-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர் தெரமின். ரஷ்ய மொழியில் அவர் பெயர் லெவ் செர்கேயேவிச் டெர்மென். ஒரு பக்கம் செல்லோ வாசிப்பு, இன்னொரு பக்கம் இயற்பியல் என்று இரண்டையும் சேர்த்துப் படித்தார். முதல் உலகப் போர் காலத்தில் ராணுவத்தில் ரேடியோ இன்ஜினீயர் வேலை.

1920-ல் பெட்ரோகிராடு இயற்பியல் ஆய்வகத்தில், வாயுக்களின் மின் பண்புகளை அளக்க ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தார். அதில் சத்தம் கேட்கும்படி ஒரு ஏற்பாடு இருந்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்தச் சத்தத்தின் சுருதி மாறுவதைக் கவனித்தார். வேறு யாராவது இருந்தால், அளவு தப்பாகிறதே என்று எரிச்சல்பட்டிருப்பார்கள். செல்லோ வாசிப்பவர் அல்லவா? கையை ஆட்டி அதில் ராகம் வாசித்துப் பார்த்தார்.

எப்படி இது நடக்கிறது? மனித உடல் மின்சாரத்தை ஓரளவு கடத்தும். ஆன்டெனாவின் அருகே கை வரும்போது, சர்க்யூட்டின் மின்தேக்குத் திறன் கொஞ்சம் மாறும், அதனால் அதிர்வெண்ணும் மாறும். அந்த மாற்றத்தை ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்கலாம். நிமிர்ந்து நிற்கும் கம்பியிலிருந்து ஒரு கை எவ்வளவு தூரம் என்பது சுருதியைத் தீர்மானிக்கும். பக்கவாட்டு வளையத்திலிருந்து இன்னொரு கையின் தூரம் ஒலி அளவைத் தீர்மானிக்கும். அதாவது, ஓர் உடல் எங்கே இருக்கிறது என்பதைத் தொடாமலே அறியும் கருவி. அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: தெரமின்.

1922-ல் கிரெம்ளினில் லெனின் முன்னால் இதை வாசித்துக் காட்டினார். லெனின் தானும் வாசித்துப் பார்த்தார். அன்று தெரமின் இன்னொன்றையும் காட்டினார்: பக்கத்தில் ஆள் வந்தாலே அலாரம் அடிக்கும் காவல் கருவி. இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே தத்துவம். அது இசை ஆகும், காவலும் ஆகும். அவர் வாழ்க்கை முழுக்க இந்த இரட்டை முகம் கூடவே வந்தது.

நியூயார்க்கில் நட்சத்திரம்

ஐரோப்பாவில் கச்சேரிகள் நடத்திவிட்டு, 1927 இறுதியில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் உரிமம் வாங்கி, சுமார் 500 தெரமின்களைத் தயாரித்தது. ஆனால் நேரம் சரியில்லை. 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. வாசிக்கவும் கஷ்டமான, விலையும் அதிகமான கருவியை யார் வாங்குவார்கள்?

இருந்தாலும் தெரமின் சும்மா இருக்கவில்லை. ஆடுபவரின் உடல் அசைவையே இசையாக மாற்றும் டெர்ப்சிடோன் என்ற மேடையை உருவாக்கினார். வயலின் கலைஞராக இருந்து தெரமினுக்கு மாறிய கிளாரா ராக்மோரை நேசித்தார். அவர் வேறொருவரை மணந்துகொண்டார். பின்னர் கறுப்பின பாலே கலைஞரான லவினியா வில்லியம்ஸைத் திருமணம் செய்தார் தெரமின். அன்றைய அமெரிக்காவில் அது லேசான விஷயம் அல்ல. பழகிய பலர் ஒதுங்கிப் போனார்கள்.

1938-ல் ஒருநாள் தெரமின் நியூயார்க்கிலிருந்து காணாமல் போனார். சோவியத் ஆட்கள் கடத்திவிட்டார்கள் என்று லவினியா நம்பினார். கடன் சுமையும் வரிப் பிரச்னையும் கழுத்தை நெரித்ததால் அவரே கப்பல் ஏறினார் என்பது பின்னாளில் அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்களின் முடிவு. எப்படியோ, கணவனும் மனைவியும் அதன்பிறகு சந்திக்கவே இல்லை.

பரிசுப் பொருளுக்குள் ஒரு காது

ஊர் திரும்பியவருக்கு வரவேற்பு இல்லை. ஸ்டாலின் காலத்துக் கைதுகள் நடந்துகொண்டிருந்த நேரம். 1939-ல் தெரமினையும் கைது செய்தார்கள். தண்டனை 8 ஆண்டுகள். உறைய வைக்கும் குளிருக்குப் பேர்போன கோலிமா முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பலர் உயிரோடு திரும்பவில்லை.

அவரைக் காப்பாற்றியது அவருடைய மூளைதான். விஞ்ஞானிகளை அடைத்துவைத்து வேலை வாங்கும் ரகசியச் சிறை ஆய்வகங்கள் அன்று இருந்தன. ஷராஷ்கா என்று பெயர். தெரமினை அங்கே மாற்றினார்கள். விமான வடிவமைப்பாளர் துப்பலேவ், பின்னாளில் சோவியத் விண்வெளித் திட்டத்தை நடத்திய கரலேவ் ஆகியோரும் அப்போது அதே போன்ற கைதிகள்தான்.

1945 ஆகஸ்ட் 4. சோவியத் பள்ளிக் குழந்தைகள், மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் அழகாகச் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை. தூதர் அதைத் தன் இல்லத்தின் படிப்பறைச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

அதற்குள் இருந்தது தெரமினின் கருவி. பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. ஒரு சிறிய உலோகக் குடுவை, அதன் வாயில் மிக மெல்லிய சவ்வு, கூடவே ஒரு குச்சி ஆன்டெனா. அவ்வளவுதான். அறையில் யாராவது பேசினால் சவ்வு அதிரும். வெளியிலிருந்து சோவியத் ஆட்கள் ரேடியோ அலையைப் பாய்ச்சும்போது, அந்த அதிர்வுக்கு ஏற்ப மாறிய அலை திரும்பிப் போகும். அதைப் பிடித்தால் பேச்சு கேட்கும். அலையை நிறுத்தினால், அது வெறும் உலோகத் துண்டு. சோதனை செய்ய வந்தவர்களிடம் சிக்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

அடுத்தடுத்து நான்கு தூதர்கள் வந்தார்கள். முத்திரை ஏழு ஆண்டுகள் அங்கேயே தொங்கியது. 1952-ல், தூதர் ஜார்ஜ் கென்னன் வேண்டுமென்றே சத்தமாக டிக்டேஷன் கொடுத்துக்கொண்டிருக்க, நிபுணர்கள் அந்த ரேடியோ சிக்னலைத் தேடிப் பிடித்துக் கருவியைக் கண்டுபிடித்தார்கள். 1960-ல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்கா அதை உலகத்துக்கே காட்டியது.

ஃபாஸ்டேக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தெரமின் செய்தது அடையாள டேக் அல்ல, ஒட்டுக் கேட்கும் கருவி. இன்றைய ஆர்.எஃப்.ஐ.டி. டேக்குகள் அதிலிருந்து நேரடியாக வந்தவை என்றும் சொல்ல முடியாது. எதிரொலித்து வரும் ரேடியோ சக்தியைக் கொண்டே தகவல் அனுப்பலாம் என்று 1948-ல் ஹாரி ஸ்டாக்மேன் தனியாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நினைவகம் கொண்ட டேக்குக்கு 1973-ல் மரியோ கார்டுல்லோ அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் அடிப்படை ஒன்றுதான். சொந்தமாகச் சக்தி இல்லாத பொருள், வந்த அலையிலேயே தன் தகவலை ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. சவ்வுக்குப் பதில் சிப். பேச்சுக்குப் பதில் ஓர் எண். அதனால்தான் டேக்கின் வரலாற்றைச் சொல்பவர்கள் மாஸ்கோ முத்திரையையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

பேட்டரி இல்லாத டேக்குக்கு ஒரு குறை உண்டு. ரீடர் பக்கத்தில், அதாவது சில சென்டிமீட்டர் முதல் சில மீட்டர் தூரத்துக்குள் போனால்தான் அது பேசும். வாசலைக் கடந்தாரா, சரியான ஆளுக்குத்தான் சரியான மருந்து போகிறதா என்று பார்க்க இது போதும். நோயாளி இந்த நிமிடம் எந்த அறையில் இருக்கிறார் என்று தொடர்ந்து தெரிய வேண்டுமென்றால், பேட்டரி வைத்த டேக் வேண்டும். புளூடூத், வைஃபை, அகச்சிவப்புக் கதிர் போன்றவற்றால் அது தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

யாராலும் கண்டுபிடிக்க முடியாத மனிதர்

1947-ல் தெரமினுக்கு விடுதலை கிடைத்தது. தூரத்திலிருந்து ஜன்னல் கண்ணாடியின் அதிர்வை வைத்தே பேச்சைக் கேட்கும் புரான் என்ற கருவிக்காக ஸ்டாலின் பரிசும் கிடைத்தது. ஆனாலும் உளவுத் துறையின் ரகசிய ஆய்வுகளிலேயே பல ஆண்டுகள் தொடர்ந்தார். மறுமணம் செய்தார், இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

வெளியுலகத்துக்கு இது எதுவுமே தெரியாது. 1945-ல் வெளியான ஹிட்ச்காக்கின் ஸ்பெல்பவுண்ட் படத்தில் தெரமின் ஒலித்தது. அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்ற இளைஞர் தெரமின் செய்து விற்றார். பின்னாளில் சின்தசைசரில் புகழ்பெற்றார். கருவி உலகம் சுற்றிக்கொண்டிருக்க, அதைச் செய்தவர் எப்போதோ இறந்துவிட்டார் என்றே அங்கே பலர் நம்பினார்கள். உடல் எங்கே இருக்கிறது என்று தொடாமலே காட்டும் கருவிகளைச் செய்தவர், தானே எங்கே இருக்கிறார் என்று மனைவிக்குக்கூடத் தெரியாமல் இருந்தார்.

1960-களில் மாஸ்கோ இசைக் கல்லூரியில் வேலை பார்த்தபோது, நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர் அவரைச் சந்தித்து, 1967-ல் எழுதினார். உயிரோடு இருக்கிறார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. விளைவு? கல்லூரி வேலை போனது. அவர் உருவாக்கி வைத்திருந்த கருவிகளை உடைத்துப் போட்டார்கள். பிறகு மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு டெக்னீஷியனாகக் காலம் தள்ளினார்.

1991-ல், 90 வயதைக் கடந்த நிலையில், மறுபடி நியூயார்க் போனார். கிளாரா ராக்மோரைச் சந்தித்தார். லவினியா 1989-லேயே இறந்திருந்தார். 1993 நவம்பர் 3-ல், 97 வயதில் மாஸ்கோவில் தெரமினும் காலமானார்.

டேக் கட்டும்போது என்ன கேட்கலாம்?

தெரமினின் கருவியை அமெரிக்கத் தூதர்கள் ஏழு ஆண்டுகள் தெரியாமலே சுவரில் வைத்திருந்தார்கள். மருத்துவமனை டேக்கும் வெளியிலிருந்து ஒருவரைக் கவனிக்கும் கருவிதான். தெரிந்து, சம்மதித்துக் கட்டிக்கொண்டால் அது பாதுகாப்பு. சொல்லாமல் கட்டிவிட்டால் அது கண்காணிப்பு. நினைவு மங்கியவருக்கோ குழந்தைக்கோ சம்மதம் சொல்ல முடியாது. அவர்களுக்காகக் கேட்க வேண்டியது குடும்பம்தான்.

அதனால் அப்பாவுக்கோ பாட்டிக்கோ டேக் கட்ட வந்தால் தயங்காமல் கேளுங்கள். இது வாசலில் மட்டும் எச்சரிக்குமா, எந்நேரமும் இருப்பிடத்தைப் பதிவு செய்யுமா? அந்தப் பதிவை யார் யார் பார்ப்பார்கள்? டிஸ்சார்ஜ் ஆன பிறகு அது எத்தனை நாள் இருக்கும்? அலாரம் அடித்தால் ஓடி வர இரவு ஷிஃப்ட்டில் ஆள் இருக்கிறார்களா?

கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாட்டி எங்கே இருக்கிறார் என்று டேக் சொல்லிவிடும். போய்க் கைப்பிடித்து அழைத்துவர ஒரு ஆள் வேண்டும்.