தையல் மிஷினும் எலியாஸ் ஹோவும்



காளவாசலில் எங்கள் வீட்டில் அம்மா தையல் மிஷின் வைத்திருக்காங்க. போன வாரம் பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைச்சாங்க. துணி நகரவே இல்லை. தையல் ஒரே இடத்தில் குவிந்தது, ஊசியும் ஒடிஞ்சு போச்சு. மிஷின் பல்லில் அடைந்திருந்த பிசிறை அம்மா துடைத்துப் பார்த்தாங்க. அப்பவும் சரியாகவில்லை. பிறகுதான் தெரிந்தது, கீழே தொங்கிய போர்வையின் கனம் துணியை இழுத்துப் பிடித்திருக்கு. ஒரு ஸ்டூலைப் போட்டு அதைத் தாங்கியதும் மிஷின் நன்றாக ஓடியது.

துணி நகராத இந்தக் கஷ்டம் தையல் மிஷினுக்குப் பேர் போன எலியாஸ் ஹோவுக்கும் இருந்தது தெரியுமா?

ஹோவ் 1819-ல் அமெரிக்காவில் ஸ்பென்சர் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே பட்டறை வேலைக்குப் போனார். கல்யாணமாகி மூன்று குழந்தைகள். அவருக்கு உடம்பு முடியாதபோது மனைவி எலிசபெத் கையால் துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

ஹோவ் 1845-ல் மிஷினைச் செய்து முடித்தார். 1846-ல் காப்புரிமை வாங்கினார். கை ஊசிக்குக் காது மேலே இருக்கும். இவர் மிஷினில் அது முனைக்குப் பக்கத்தில் இருந்தது. அடி நூல், தறியில் நாடா ஓடுவது போல ஓடியது. ஐந்து தையல்காரப் பெண்களோடு போட்டி வைத்தார்கள், மிஷின்தான் ஜெயித்தது.

ஆனால் ஒரு குறை. துணியை ஒரு தகட்டு முள்ளில் குத்தித் தொங்கவிடணும். தகட்டின் நீளம் முடிந்ததும் நிறுத்தி, திரும்பக் குத்தணும். விலையும் அதிகம். யாரும் வாங்கவில்லை. பிழைப்புக்காக இங்கிலாந்து போனார், அங்கேயும் வறுமைதான். 1849-ல் அவர் திரும்பி வந்த கொஞ்ச நாளில் எலிசபெத் காசநோயால் இறந்துவிட்டார்.

1851-ல் ஐசக் சிங்கர் துணியைத் தட்டையான மேசையில் வைத்து, மேலே ஒரு பாதத்தால் அழுத்தினார். 1854-ல் ஆலன் வில்சன் பல்லை வைத்தார். அது மேலே எழும்பி, துணியைத் தள்ளி, கீழே இறங்கி, பின்னால் வரும். எங்க அம்மா மிஷினிலும் அதே பல்தான்!

ஹோவ் காப்புரிமை வாங்கிய தையல் முறையைக் கேட்காமல் பயன்படுத்தியதற்காக அவர் வழக்குப் போட்டு 1854-ல் ஜெயித்தார். அப்புறம் ஒவ்வொரு மிஷினுக்கும் அவருக்குப் பணம் வந்தது. பெரிய பணக்காரராகி 1867-ல் 48 வயதில் இறந்தார். அந்த நல்ல காலத்தைப் பார்க்க எலிசபெத் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

உங்க வீட்டு மிஷினில் துணி நகராவிட்டால் மிஷினைத் திட்டாதீங்க. பல்லைத் துடைங்க, தொங்கும் துணியைத் தாங்கிப் பிடிங்க. ராத்திரி கண் விழித்துத் தைக்கும் அம்மாவுக்கு ஒரு டீயும் போட்டுக் கொடுங்க.

- 9-ம் வகுப்பு மாணவி