ஒப்பந்தம் கற்ற பாரிஸ்டர்

எங்கள் விடுதியில் சட்டம் பயிலும் இளநிலை மாணவர்கள் சிலர் இருக்கின்றனர். ஒப்பந்தச் சட்டம் அவர்களுக்குப் பாடம். பேச்சுவார்த்தை நடத்தும் கலை அவர்களுக்குப் பயிற்சி. இரவு உணவுக்குப் பின் இருவர் எதிரெதிரே அமர்வர். ஒருவர் விற்பவர், மற்றவர் வாங்குபவர். இரசாயனம் பயிலும் எனக்கு இது முதலில் வெறும் வேடிக்கையாகவே தோன்றியது. சட்டத்தை ஏட்டில் கற்றுவிட்டால் போதாதா, பேசவும் பழக வேண்டுமா என்று எண்ணினேன். போதாது என்பதற்கு ஒரு பெருமகனின் இளமை வாழ்க்கையே சான்றாக நிற்கிறது. அவர்தாம் காந்தியடிகள்.

1869ஆம் ஆண்டு போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். ரோமானியச் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே படித்தார். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தைப் பல மாதங்கள் உழைத்துக் கற்றார். 1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். 12ஆம் நாள் தாயகத்திற்குக் கப்பல் ஏறினார். பட்டம் கையில் இருந்தது, தொழில் கைவரவில்லை. பம்பாயில் ஒரு சிறு வழக்கில், எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, நா எழவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். இராஜ்கோட்டுக்குச் சென்று மனு எழுதிப் பிழைத்தார்.

அந்நிலையில் ஓர் அழைப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவில் வாணிகம் செய்த தாதா அப்துல்லா கம்பெனியார், பிரிட்டோரியாவில் இருந்த தயப் சேட் என்பவர்மீது 40,000 பவுன் கேட்டு வழக்குத் தொடுத்திருந்தனர். அவ்வழக்கில் உதவ ஓராண்டுக்கு 105 பவுன் ஊதியம் பேசினர். 1893இல் அவர் டர்பன் சேர்ந்தார்.

வழக்கு புரோநோட்டுகளைப் பற்றியது. அவை வஞ்சகமாக வாங்கப்பட்டவை, அவற்றுக்கு ஈடாக உரிய மதிப்பு தரப்படவில்லை என்பது பிரதிவாதியின் வாதம். ஒப்பந்தச் சட்டத்தின் முதற்பாடமே இதுதான். ஆயினும் இளம் பாரிஸ்டருக்குச் சிக்கல் சட்டத்தில் இல்லை, கணக்கில் இருந்தது. வரவு செலவு எழுதும் முறையை அவர் அறியார். வெட்கப்படாமல் ஒரு கணக்குப் பதிவு நூலை வாங்கிப் படித்தார். பேரேடுகளைப் புரட்டினார், கடிதங்களை மொழிபெயர்த்தார். நடந்தது என்ன என்பதை ஐயமறத் தெரிந்துகொண்டால் சட்டம் தானே துணைக்கு வரும் என்னும் உண்மை அப்போது அவருக்குப் புலனாயிற்று.

மற்றோர் உண்மையும் புலனாயிற்று. வாதியும் பிரதிவாதியும் உறவினர்; ஓரூரார். வழக்கு நீண்டால் வழக்கறிஞர்களின் கட்டணமே இருவரையும் விழுங்கிவிடும். ஆகவே தயப் சேட்டிடமே சென்று நடுவர் தீர்ப்புக்கு இசையுமாறு வேண்டினார். இருவரும் இசைந்தனர். நடுவர், தாதா அப்துல்லாவின் பக்கமே தீர்ப்பளித்தார். கொடுக்க வேண்டிய தொகை ஏறக்குறைய 37,000 பவுன். அத்துடன் வழக்குச் செலவும் சேர்ந்தது.

வேறொருவராயின் வென்றோம் என்று ஊர் திரும்பியிருப்பார். அவருக்கோ வேலை அங்கேதான் தொடங்கியது. அத்தொகையை ஒரே முறையில் கட்டினால் தயப் சேட் திவாலாவார். அவ்வணிகர்களிடையே திவால் என்பது சாவினும் கொடியது. நீண்ட காலத் தவணைக்கு இடம் தருமாறு தம் கட்சிக்காரரிடமே வாதாடினார். நடுவர் தீர்ப்புக்கு இருவரையும் இசைவித்ததைவிட, வென்றவரைத் தவணைக்கு இசைவிப்பதே கடினமாக இருந்தது. முடிவில் தாதா அப்துல்லா இணங்கினார். கடனும் நின்றது, மானமும் நின்றது. பிரிந்தோரை இணைப்பதே வழக்கறிஞரின் கடமை என்று அவர் உணர்ந்தது அன்றுதான்.

இது சமமான இருவரின் ஒப்பந்தம். சமமற்றோரின் ஒப்பந்தத்தையும் அவர் விரைவில் கண்டார். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் மக்கள் நேட்டாலுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். ஐந்தாண்டு உழைப்பதாகப் பத்திரம், எழுத்தறியாதவரின் கைநாட்டு. 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழர், கிழிந்த உடையுடன், முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அவர்முன் வந்து நின்றார். முதலாளி அடித்த அடி அது. சாதாரண வேலையாள் சொல்லாமல் வேலையை விட்டால் உரிமை வழக்கு. ஒப்பந்தக் கூலி விட்டால் சிறை. இதுவே அந்நாட்டுச் சட்டம்.

மருத்துவச் சான்று பெற்று, அவரை மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்றார் அடிகள். முதலாளியைத் தண்டிப்பது அவர் நோக்கமன்று. பாலசுந்தரத்தை விடுவிப்பதே நோக்கம். ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முதலாளியை இசைவித்தார். ஏற்றுக்கொள்ள ஓர் ஆங்கிலேயரையும் தேடிப் பிடித்தார். சட்டம் வைத்திருந்த ஒரு சிறு வாயிலைக் கண்டறிந்து, பேசியே அதைத் திறந்தார்.

எனினும் அவரும் ஒருமுறை ஏமாந்தார். ஆசியர் அனைவரும் கட்டாயமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற டிரான்ஸ்வால் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றிருந்தபோது, 1908 ஜனவரியில் ஸ்மட்சுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கடிதத்தில் அவருடன் கையெழுத்திட்டோரில் தமிழ்த் தலைவர் தம்பி நாயுடுவும் ஒருவர். இந்தியர் தாமே முன்வந்து பதிவு செய்தால் சட்டம் நீக்கப்படும் என்று அடிகள் நம்பினார். கடிதத்திலோ அது ஐயத்திற்கு இடமின்றி எழுதப்படவில்லை. இந்தியர் பதிவு செய்தனர், சட்டம் நீங்கவில்லை. ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவுச் சீட்டுகள் தீக்கிரையாயின. எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு ஆறாண்டுப் போராட்டம் விலையாயிற்று.

1914 ஜூன் 30ஆம் நாள் மீண்டும் ஸ்மட்சுடன் உடன்பாடு கண்டபோது, கோரிக்கைகள் கடிதங்களில் ஒவ்வொன்றாக இடம்பெற்றன. ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மீது சுமத்தப்பட்டிருந்த மூன்று பவுன் தலைவரி ஒழிந்தது. இதற்காகவே நேட்டாலின் தமிழ்த் தொழிலாளர் பலர் 1913இல் வேலைநிறுத்தம் செய்து சிறை புகுந்தனர்.

நண்பர்களே, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தடையற்ற இசைவு இல்லாத உடன்பாட்டைக் குறையுள்ளதாகவே கருதுகிறது. விடுதி மாணவர்கள் இந்தப் பிரிவை உருப்போடும் ஒலி என் அறை வரை கேட்கிறது. சென்ற ஆண்டு ஓர் உறுதிப்பத்திரத்தில் நானும் கையெழுத்திட்டேன். இடையில் விலகினால் பெற்ற தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்ததாம். நான் முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டுமே பார்த்தேன். எழுத்தறியாமல் கைநாட்டு வைத்த நம் முன்னோர்மீது குற்றமில்லை. முதுகலை வரை படித்துவிட்டுப் படிக்காமல் கையெழுத்திட்ட என்னை என்னென்று சொல்வது?

வீட்டை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு வாடகைப் பத்திரம், வேலைப் பத்திரம் எனக் கையெழுத்துகள் பல காத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் முழுவதும் படிப்போம். புரியாததைக் கேட்போம். பேசியதை எழுதி வாங்குவோம். பக்கத்து அறைச் சட்ட மாணவர்களிடம் ஒரு மாலை சென்று அமர்ந்தாலும் தவறில்லை. நான் இப்போது அமர்கிறேன்.