இரவில் வந்த பொன்முடிப்பு

4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரைப் பகுதியிலிருந்த மைரா நகரின் ஆயராக விளங்கியவர் நிக்கலஸ். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரிடம் பெருஞ்செல்வம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

அவர் ஆயராவதற்கு முன் நடந்ததாக வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. ஒருவர் வறுமையில் வீழ்ந்தார். சீர் கொடுக்க வழியின்றி, தம் மூன்று மகள்களையும் விற்றுவிடும் நிலைக்கு வந்துவிட்டார். ஒரு நள்ளிரவில் நிக்கலஸ் பொன்முடிப்பு ஒன்றைச் சன்னல் வழியே எறிந்துவிட்டு மறைந்தார். மூத்தவளுக்குத் திருமணம் நடந்தது. இரண்டாம் முடிப்பும் அவ்வாறே வந்தது. மூன்றாம் முறை தந்தை விழித்திருந்தார். துரத்திச்சென்று காலில் விழுந்தார். இதை யாரிடமும் சொல்லக்கூடாதென நிக்கலஸ் உறுதி வாங்கிக்கொண்டார். தருமத்தை மறைவாகச் செய்யவேண்டும் என்பது இயேசுவின் போதனையன்றோ!

டச்சுக்காரர்கள் அவரைச் சிண்டர்கிளாஸ் என்றழைத்தனர். அப்பெயரே சாண்டா கிளாஸ் ஆயிற்று. பல வீடுகளில் கிறிஸ்துமஸ் பரிசுகள் இன்றும் குழந்தைகள் உறங்கிய பின்னரே வைக்கப்படுகின்றன.